பாட்டியிடம் கேட்டோம்

பசித்தவருக்கு உணவளிப்பது இரக்கச் செயல்களுள் முதலாவதாக நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் விரல்விட்டு எண்ணிப் படித்த அந்தப் பட்டியலை நம்முள் மறந்தவர் எவருமிலர். ஆயினும், உணவளிப்பதோடு சேர்ந்து நிற்கவேண்டிய மற்றொரு செயலும் உண்டு. அதற்குப் பட்டியலில் தனிப்பெயர் இல்லை. நாம் யாருக்கு உணவளிக்கிறோமோ அவரிடமே சென்று, "இதை எப்படிச் சமைப்பது? எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்" என்று கேட்பதே அச்செயல். இதனை எங்களுக்கு உணர்த்தியவர் இத்தாலி நாட்டு மலையூர்ப் பாட்டி ஒருவர். உணர்த்திய இடம் சமையலறை. உணர்த்திய பொருள், பாலாடைக்கட்டியை உள்ளே வைத்து வாணலியில் சிவக்க வாட்டிய ஓர் இறைச்சித் துண்டு.

நாங்கள் தமிழகத்தில் பிறந்து, துறவற வார்த்தைப்பாடு அளித்து, வட இத்தாலியில் முதியோர் இல்லம் ஒன்றில் பணிபுரியும் அருட்சகோதரியர் இருவர். எங்கள் இல்லம் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் கூடுகின்ற மூலையில், ஆல்ப்ஸ் மலைகளின் மடியில் கிடக்கும் சிறு நிலப்பகுதி அது. 1948-ஆம் ஆண்டு முதல் தனி ஆட்சியுரிமை பெற்று, இத்தாலியமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகளாக விளங்க, வயோதிகர் வீட்டில் இவ்விரண்டுமல்லாத மூன்றாவதொரு மலைமொழியைப் பேசும் ஊர்கள் அங்கு உண்டு.

திருச்சபை வரலாற்றில் அப்பள்ளத்தாக்குக்கு நல்ல இடமுண்டு. காண்டர்பரிப் பேராயராக இருந்து 1109-இல் இறைவனடி சேர்ந்த மறைவல்லுநர் புனித அன்செல்ம் ஆவோஸ்தா நகரில் பிறந்தவர். அந்நகரின் தலைமைத் திருத்தொண்டராக இருந்த புனித பெர்னார்து, பதினோராம் நூற்றாண்டில், 2,469 மீட்டர் உயரத்திலுள்ள மலைக்கணவாயில் வழிப்போக்கர்க்கென ஒரு விடுதியை நிறுவினார். பனியில் வழிதவறியோரைத் தேடிச் சென்ற பெரிய நாய்களுக்கு அவர் பெயரே வழங்குகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அவ்விடுதி, வருபவர் யார் என்று பாராமல், உணவும் உறையுளும் அளித்து வருகிறது. 1923-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அத்திருத்தந்தையும் இளமையில் மலையேறியவரே. இத்தகைய ஊரில் விருந்தோம்பலைப் பற்றிப் பேச வந்தவர்கள் நாங்கள் அல்லோம், கற்க வந்தவர்கள்.

அங்கு பசுவே செல்வம். வால்தோஸ்தானா எனப்படும் அவ்வூர்ப் பசு உருவிற் சிறியது. செங்குத்தான சரிவுகளில் ஏற வல்லது. கோடைத் தொடக்கத்தில் மந்தைகளை உயரத்திலுள்ள புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வார்கள். செப்டம்பர் 29, புனித மிக்கேல் அதிதூதர் திருநாளை ஒட்டி மணியோசை முழங்க இறக்கி வருவார்கள். வலிமையில் வென்ற பசுவுக்கும், பாலில் வென்ற பசுவுக்கும் கொம்புகளின் நடுவே பூங்கொத்துக் கட்டி முன்னே நடத்துவார்கள். பொங்கலுக்கு மறுநாள் மாட்டின் கொம்புக்கு வண்ணம் பூசும் நாட்டிலிருந்து சென்ற எங்களுக்கு, அந்தக் காட்சியில் அயன்மை சிறிதும் தோன்றவில்லை.

அப்பசுவின் பாலிலிருந்து பிறப்பது ஃபோன்தீனா என்னும் பாலாடைக்கட்டி. ஒரே வேளையில் கறந்த பாலைக் காய்ச்சாமல், ஆடை நீக்காமல், உறையூற்றித் திரித்து, வட்டமாக அழுத்தி, உப்பிட்டு, பாறைக் குகைகளில் குறைந்தது 80 நாள்கள் பழுக்க வைப்பார்கள். ஒவ்வொரு வட்டும் ஏழரை முதல் பன்னிரண்டு கிலோ வரை எடையிருக்கும். ஒல்லோமோன் என்னும் ஊரில் கைவிடப்பட்ட செம்புச் சுரங்கமே இதற்கான கிடங்காகிவிட்டது. 1477-இல் வெளியான பாலாடைக்கட்டி பற்றிய இலத்தீன் நூலொன்று இப்பள்ளத்தாக்கின் கட்டிகளைப் புகழ்ந்து பேசுகிறது. 1996 முதல், அப்பள்ளத்தாக்கில் செய்யப்படுவது மட்டுமே ஐரோப்பாவில் அப்பெயரைத் தாங்கலாம் என்பது சட்டம். வெட்டினால் வைக்கோல் நிறம். வாயிலிட்டால் வெண்ணெயும் காட்டுப்பூவும் கலந்த மணம். சூடு பட்டால் தேன்போல் இளகும்.

கன்றின் விலாத் துண்டைப் பிளந்து, அதனுள் ஃபோன்தீனாவை வைத்து மூடி, வெண்ணெயில் வாட்டுவதே அவ்வூரின் விருந்துணவு. உணவகங்களில் அதை முட்டையில் தோய்த்து ரொட்டித்தூள் பூசிப் பொரிப்பார்கள். சிலர் உப்பிட்ட பன்றித்தொடைச் சீவலையும் உள்ளே சேர்ப்பார்கள். எங்கள் பாட்டி அவ்விரண்டையும் ஏற்பதில்லை. அந்தக் காலத்து மலையூர்களில், ரை என்னும் தானியத்தின் கறுப்பு ரொட்டியை ஊர்ப்பொது அடுப்பில் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் சுடுவார்கள். கல்லாய்க் காய்ந்த அந்த ரொட்டியைப் பாலிலும் சாற்றிலும் நனைத்து மாதக்கணக்கில் உண்பார்கள். "அந்த ரொட்டியை இறைச்சிக்கு உடை தைக்கவா தூளாக்குவது?" என்பது பாட்டியின் கேள்வி. அவர் வீட்டில் மெல்லிய மாவுத் தூவலோடு, இறைச்சியின் முகமே நெருப்பைப் பார்க்கும்.

இனி அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். இத்தாலியர் பாட்டியை "நோன்னா" என்பார்கள். நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம். அவர் எங்களைச் "சுவோர்" என்றழைத்தார். அருட்சகோதரி என்பது பொருள். எங்களிடம் வந்தபோது அவருக்கு வயது எண்பத்தொன்பது. கணவர் மாடு மேய்த்தவர்; மறைந்து பல ஆண்டுகளாகிவிட்டன. பிள்ளைகள் தொலைவிலுள்ள தொழில் நகரங்களில் இருந்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை அன்போடு வந்து பார்த்துச் சென்றார்கள். கண் மங்கி, எதிரில் நிற்பவரின் உருவத்தை மட்டுமே அவரால் அறிய முடிந்தது. கைகள் நடுங்கின. எனினும், செவி கூர்மையாக இருந்தது. நடைபாதையில் வருபவர் எந்தச் சகோதரி என்பதைக் காலடி ஓசையைக் கொண்டே சொல்லிவிடுவார்.

வந்த மூன்றாம் மாதத்தில் நோன்னா உண்பதை நிறுத்தினார். சண்டையில்லை, புலம்பலில்லை. கரண்டியை வாயருகே கொண்டுசென்றால் முகத்தை மெல்லத் திருப்பிக்கொள்வார். "நன்றி சுவோர், போதும்" என்பார். மருத்துவர் வந்து பார்த்தார். இரத்தச் சோதனை செய்தார். நோய் எதுவும் தென்படவில்லை. எடை மட்டும் வாரந்தோறும் இறங்கிற்று. இப்படியே சென்றால் மருத்துவமனையில் சேர்த்துக் குழாய் வழியாக உணவு செலுத்துவதைப் பற்றிக் குடும்பத்தார் முடிவு செய்யவேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். சாற்றையும் கூழையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். அவர் பாராட்டினார், உண்ணவில்லை.

முதியோர் இல்லங்களில் பணிபுரிபவர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. அங்கு உடம்புக்கு வேண்டியவை அனைத்தும் நேரம் தவறாமல் வரும். படுக்கை விரிக்கப்படும், மாத்திரை வரும், உணவு வரும். அறுபது ஆண்டுகள் ஒரு வீட்டைத் தாங்கியவரிடம், "இன்று என்ன சமைக்கலாம்?" என்று கேட்பதற்கு மட்டும் அங்கு எவருமிருப்பதில்லை. பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வதைவிட, பிறர்க்குத் தம் கை வேண்டாததாகிவிட்டது என்பதே முதுமையில் பெரிய சுமை.

செப்டம்பர் மாத இறுதியில் ஒரு நாள் மாலை, மந்தைகள் இறங்கிவரும் மணியோசை சன்னல் வழியாகக் கேட்டது. நோன்னா தலையை நிமிர்த்தினார். "இன்று என் வீட்டில் விலாத் துண்டு வாட்டும் நாள். மேய்ப்பர்கள் பசியோடு வருவார்கள். ஆண்டுக்கு ஒரே நாள்" என்றார். பல நாள்களுக்குப் பிறகு அவர் தாமாகப் பேசிய சொற்கள் அவை. நாங்கள் அவர் அருகில் அமர்ந்து, "எங்களுக்கு அது தெரியாது, நோன்னா. நீங்கள் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டோம். அவர் நெடுநேரம் மறுமொழி சொல்லவில்லை. பிறகு, "உங்களிடம் கனமான இரும்பு வாணலி இருக்கிறதா?" என்றார்.

தலைமைச் சகோதரியிடமும் மருத்துவரிடமும் ஒப்புதல் பெற்று, அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவரைச் சக்கர நாற்காலியில் எங்கள் கன்னியர் இல்லத்துச் சிறு சமையலறைக்கு அழைத்துவந்தோம். எங்களில் ஒருவர் மாட்டிறைச்சி அடுப்பேறாத வீட்டில் பிறந்து வளர்ந்தவர். நம் பங்குகளிலும் அத்தகைய குடும்பங்கள் பல உண்டு. உண்பவரும் உண்ணாதவரும் ஒருவரையொருவர் குறைவாக எண்ணலாகாது என்பதே உரோமையருக்குத் திருத்தூதர் பவுல் வழங்கிய அறிவுரையின் சாரம். அந்தச் சகோதரி கத்தியையும் கரண்டியையும் ஏற்றார், உண்பதை ஏற்கவில்லை. நோன்னாவும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "சமைப்பவரின் வாய்க்கு நான் பொறுப்பல்ல, கைக்குத்தான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார்.

இனி அவர் சொன்ன முறையை, வீட்டில் செய்து பார்க்க விழைவோருக்காக ஒழுங்காக எழுதுகிறோம்.

நால்வருக்கு, எலும்போடு கூடிய கன்று விலாத் துண்டுகள் நான்கு வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு விரற்கடை கனமும், கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையும் இருக்கட்டும். குளிர்பெட்டியிலிருந்து அரைமணி நேரம் முன்னதாக எடுத்து வைக்கவேண்டும். எலும்பில்லாத பக்கத்தில் கூரிய கத்தியைப் படுக்கவைத்துச் செருகி, எலும்பு வரையில் பிளக்கவேண்டும். எலும்பு முதுகாகவும் இரு பாதிகள் ஏடுகளாகவும் அமைய, துண்டு ஒரு புத்தகம்போல் திறக்கும். தோல் நீக்கிய ஃபோன்தீனாவை மெல்லிய சீவல்களாக, துண்டொன்றுக்கு முப்பது கிராம் அளவில் உள்ளே வைக்கவேண்டும். சீவல் ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளடங்கி இருத்தல் இன்றியமையாதது. "பேராசையோடு நிறைப்பவன் வாணலிக்குத்தான் விருந்து வைக்கிறான்" என்றார் நோன்னா. சிறிது மிளகும், சாதிக்காய்த் துருவலும் போதும். உப்பு அக்கட்டியிலேயே இருக்கிறது. பிறகு ஏட்டை மூடி, மூன்று ஓரங்களையும் கத்தியின் முதுகால் தட்டித் தட்டி ஒன்றோடொன்று பிணைக்கவேண்டும். ஐயமிருப்பின் இரண்டு பல்குச்சிகள் குத்தலாம்.

அடுத்தது, வெளிப்புறத்தைச் சுத்தமான துணியால் ஈரமறத் துடைப்பது. நோன்னா தம் விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஈரம்" என்று இருமுறை திருப்பியனுப்பினார். இதற்குக் காரணம் உண்டு. ஈரம் இருக்கும்வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 பாகைக்கு மேல் சூடேறாது. நீர் முழுதும் ஆவியான பின்னரே சூடு உயரும். 140 பாகையை ஒட்டிய சூட்டில்தான் இறைச்சியின் புரதக் கூறுகளும் சர்க்கரைக் கூறுகளும் விரைந்து கலந்து, செம்பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. 1912-இல் இதனை விளக்கிய பிரெஞ்சு வேதியியலார் லூயி கமீல் மையார் பெயராலேயே அவ்வினை வழங்குகிறது. நம் தோசை முறுகுவதும், காப்பிக்கொட்டை வறுபடுவதும் அதே வினையின் வேறு முகங்களே.

துடைத்த துண்டுகளுக்கு உப்புத் தடவி, மாவை மெல்லத் தூவி, மிகுதியை உதறவேண்டும். இதற்குள் வாணலியில் வெண்ணெய் உருகத் தொடங்கியிருந்தது. நுரைத்துச் சடசடவென்று ஒலித்தது. நாங்கள் துண்டை எடுத்ததும், நோன்னா கையை உயர்த்தி, "பொறுங்கள், ஓசை அடங்கட்டும்" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவர் வீட்டிலும் அம்மா நெய் உருக்கும்போது சொல்லும் சொல் அது. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். அந்நீர் கொதித்து வெளியேறும்போதுதான் சடசடப்பு எழுகிறது. ஓசை அடங்கினால் நீர் போய்விட்டது, நெய் பதமாகிவிட்டது என்று பொருள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஓர் அடுப்படியின் அறிவு, அப்படியே இந்த அடுப்படியிலும் இருந்தது. அதை அவரிடம் சொன்னோம். எங்கள் வீடுகளில் ஓசை அடங்கியதும் ஒரு கீரை இலையைப் போட்டு மணமூட்டி, வடிகட்டி, மாதக்கணக்கில் வைத்திருப்போம் என்றும் சொன்னோம். வடிகட்டிய நெய், வெண்ணெயைப்போல் விரைவில் கருகாது என்றும் சேர்த்துக்கொண்டோம். நோன்னா நாற்காலியில் முன்னே சாய்ந்து, "என்ன கீரை? எவ்வளவு நேரம்? எந்தத் துணியில் வடிப்பீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினார். அவர் முகத்தில் பசியை நாங்கள் முதன்முதலாகக் கண்டது அப்பொழுதே.

துண்டை வாணலியில் இட்டதும் உரத்த ஓசை எழுந்தது. இறைச்சியை முதலில் கடுஞ்சூட்டில் வாட்டினால் அதன் மேற்புறம் அடைபட்டுச் சாறு உள்ளேயே தங்கிவிடும் என்பது பலரும் நம்பும் கருத்து. செர்மானிய வேதியியலார் யூஸ்டுஸ் ஃபொன் லீபிக் 1847-இல் வெளியிட்ட நூலால் அது உலகெங்கும் பரவிற்று. பிற்காலச் சோதனைகள் அதனை மறுத்துவிட்டன. 1984-இல் வெளியான ஹெரால்ட் மக்கீ என்பாரின் நூல் அதை எளிய முறையில் விளக்குகிறது. சிவந்த பின்னும் வாணலியில் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறதே, அவ்வோசையே இறைச்சியிலிருந்து நீர் வெளியேறுவதற்குச் சான்று. கடுஞ்சூடு தருவது சுவையையும் மணத்தையும். சாற்றைக் காப்பது பொறுமை. நோன்னா இந்நூல்களைப் படித்தவரல்லர். எனினும் அவர் அடுப்பின் பக்கம் செவி சாய்த்து, "கத்துகிறது; தணலைக் குறையுங்கள். இப்போது பேசுகிறது; சரி. இப்போது முணுமுணுக்கிறது, திருப்புங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கேட்டது நீரின் குரலைத்தான்.

பக்கத்துக்கு இரண்டு நிமிடம் கடுஞ்சூடு. பிறகு தணலைக் குறைத்து, பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். இடையிடையே வாணலியைச் சாய்த்து, உருகிய நெய்யைக் கரண்டியால் மொண்டு மேலே ஊற்றவேண்டும். இறுதியில் எலும்புப் பக்கம் கீழே படும்படி ஒரு நிமிடம் நிமிர்த்தி வைக்கவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். மேலே சுட்டால் அவை அழிந்துவிடும். உள்ளே பிளந்து பொதியும்போது, கத்தியோடு மேற்பரப்பும் உள்ளே செல்கிறது. ஆகவே பொதிந்த துண்டை உள்ளே இரத்தச் சிவப்பாக விட்டுவிடலாகாது. முதியோரும் குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் உண்ணும் வீட்டில், நடுப்பகுதி 70 பாகையைத் தாண்டவேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் நன்று. நாங்கள் வெப்பமானியைச் செருகியபோது அது 71 காட்டிற்று. "நான் ஒரு கம்பியைச் செருகி எடுத்து உதட்டில் வைத்துப் பார்ப்பேன்" என்று சொல்லி, நோன்னா சிரித்தார்.

அடுப்பிலிருந்து இறக்கியதும் வெட்டலாகாது. ஐந்து நிமிடம் மூடிவைத்தால் சூடு உள்ளும் புறமும் சமமாகும், சாறு சற்றுக் கெட்டிப்படும், உருகிய பாலாடைக்கட்டியும் ஓடாமல் நிலைபெறும். "அந்த ஐந்து நிமிடத்தில்தான் நாங்கள் உணவுச் செபம் சொல்வோம். அவசரப்படும் பிள்ளைகளுக்கு ஒரு பரலோக மந்திரம் கூடுதல்" என்றார் அவர்.

நம் ஊரில் ஃபோன்தீனா கிடைப்பது அரிது. உருகும் தன்மையுள்ள மொசரெல்லா போன்றவற்றைக் கொள்ளலாம். பனீர் இதற்கு உதவாது. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பால் திரிந்த பாற்கட்டி சூட்டில் இளகாது. அது கட்டியாகவே நிற்கும். மாட்டிறைச்சி சமைக்காத வீட்டினர் கோழியின் நெஞ்சுக்கறியைப் பிளந்து அதே முறையில் செய்யலாம். ஆனால் கோழி 74 பாகை வரையில் வெந்தாகவேண்டும்.

அன்று மேசையில் துணைக்கு வைத்தது பொலேந்தா. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் தூவி, முக்கால் மணி நேரம் துடுப்பால் கிளறி எடுப்பது. வேறொன்றுமில்லை, நம் களிதான். களி கிண்டிப் பழகிய எங்கள் கையைப் பார்த்து, அதாவது துடுப்பின் ஓசையைக் கேட்டு, "இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை" என்று நோன்னா சான்று வழங்கினார்.

தட்டுகளை வைத்தோம். நோன்னாவின் பங்கைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கினோம். உள்ளிருந்து பொன்னிறமாய்ப் பாலாடைக்கட்டி மெல்ல வழிந்தது. கரண்டியில் எடுத்து அவர் வாயருகே கொண்டுசெல்ல முனைந்தபோது, அவர் எங்கள் கையை விலக்கினார். எங்கள் நெஞ்சு துணுக்குற்றது. அவரோ முள்கரண்டியைத் தடவி எடுத்து, நடுங்கும் கையால் ஒரு துண்டைக் குத்தி, எங்களுள் உண்பவரின் பக்கம் நீட்டி, "முதலில் நீங்கள். எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார். பொலேந்தாவில் ஒரு கரண்டி எடுத்து மற்றவருக்கு நீட்டினார். அதன் பிறகே தாம் உண்டார். பாதித் துண்டு உண்டார். கால் மணி நேரம் கழித்து, மீதி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

அன்றிரவு செபத்தில் மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் எங்கள் நினைவுக்கு வந்தது. பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். ஆண்டவர் அருகில் சென்று, கையைப் பிடித்துத் தூக்குகிறார். காய்ச்சல் நீங்குகிறது. அடுத்து நற்செய்தியாளர் குறிப்பிடுவது ஒன்றே: அவர் எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்தார். பல முறை வாசித்த பகுதிதான். நலமடைந்த மூதாட்டிக்கு ஆண்டவர் ஓய்வை மட்டும் கொடுத்துவிட்டுச் செல்லவில்லை. அவர் பரிமாறியதை அமர்ந்து ஏற்றுக்கொண்டார் என்பது அன்றுதான் எங்கள் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. நலம் என்பது எழுந்து நிற்பதோடு முடிவதில்லை. பிறர்க்குப் பயன்படும்போதே அது நிறைவடைகிறது. மம்ரே மரங்களினருகே மூன்று வழிப்போக்கர்க்கு இளங்கன்றின் இறைச்சியையும் தயிரையும் பாலையும் பரிமாறிய ஆபிரகாமும் சாராவும் முதியோரே என்பதையும் எண்ணிப் பார்த்தோம். முதிர்ந்த வயதில் அவர்கள் விருந்தோம்பினார்கள். அந்த விருந்தில்தான் மகன் பிறப்பான் என்னும் வாக்கைப் பெற்றார்கள்.

நோன்னா அதன்பின் நாள்தோறும் நன்றாக உண்டார் என்று எழுதினால் அது கதையாகிவிடும். சில நாள் உண்டார், சில நாள் மறுத்தார். ஆனால் எடை இறங்குவது நின்றது. குழாயைப் பற்றிய பேச்சும் நின்றது. ஞாயிறுதோறும் எங்கள் சமையலறையில் அவருடைய வகுப்பு நடந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகளுக்குரிய இறைச்சியில்லாச் சாறு, கறுப்பு ரொட்டியும் முட்டைக்கோசும் ஃபோன்தீனாவும் அடுக்கி வேகவைக்கும் கட்டிச்சாறு, இவை எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். மாதந்தோறும் வந்த அவருடைய மகள், அந்தக் குறிப்பேட்டைக் கண்டு, "எங்கள் அம்மாவிடம் நாங்கள் இவற்றைக் கேட்டதே இல்லை" என்று சொல்லி, அமர்ந்து படியெடுத்துக்கொண்டார். தாயும் மகளும் ஒரே வாணலியின் முன் அமர்ந்திருந்த அந்தப் பிற்பகலில் நாங்கள் சமையலறையை விட்டு வெளியே வந்துவிட்டோம். அங்கு எங்களுக்கு வேலையில்லை.

இரண்டாண்டுகளுக்குப் பின், பனி பெய்த ஓர் இரவில், அருளடையாளங்களைப் பெற்று, நோன்னா அமைதியாக இறைவனிடம் சென்றார். அடக்கத்துக்குப் பின் அவருடைய பேரன் எங்களிடம் வந்து, "பாட்டி எனக்கொன்று சொன்னார். வெண்ணெயின் ஓசை அடங்கியதும் ஓர் இலை போடவேண்டுமாம். அது என்ன இலை?" என்று கேட்டார். முருங்கை என்னும் சொல்லை அவருக்கு எழுத்தெழுத்தாக எழுதிக் கொடுத்தோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 1929-இல் வட இத்தாலியிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்த தம் பாட்டி ரோசாவிடம் விசுவாசத்தைக் கற்றதாகப் பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்தவர். தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்குமான உலக நாளை 2021-ஆம் ஆண்டில் அவரே ஏற்படுத்தினார். புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளை ஒட்டி, ஜூலை மாத நான்காம் ஞாயிற்றுக்கிழமை அது கொண்டாடப்படுகிறது. அந்நாளில் பங்குகளில் முதியோர்க்குப் பொன்னாடையும் பழமும் வழங்குகிறோம். நல்லதே. அதனோடு ஒரு கேள்வியையும் வழங்கலாமே.

அன்புள்ள குடும்பத்தாரே, உங்கள் வீட்டுத் திண்ணையிலோ உள்ளறைக் கட்டிலிலோ ஒரு பாட்டி இருக்கலாம். ஒரு தாத்தா இருக்கலாம். அவருக்கு வேளாவேளைக்கு உணவு கொடுக்கிறீர்கள், மாத்திரை கொடுக்கிறீர்கள், ஆண்டவர் அதற்குரிய பலனை உங்களுக்கு அளிப்பாராக. கிறிஸ்மசுக்கு அதிரசப் பாகு எந்தப் பதத்தில் இறக்கவேண்டும் என்பதும், கருவாட்டை எத்தனை முறை கழுவவேண்டும் என்பதும், ஈஸ்டர் விருந்துக் குழம்பில் மல்லி எப்போது விழவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அளவுக் கரண்டியில் அடங்காத அறிவு அது. செவியிலும் மூக்கிலும் விரல் நுனியிலும் இருப்பது. வருகிற ஞாயிறு, திருப்பலி முடிந்து வந்ததும், அவருடைய நாற்காலியை அடுப்படிக்கு அருகில் இழுத்துப் போடுங்கள். பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். அவர் பேசத் தொடங்கும்வரை சற்றுப் பொறுத்திருங்கள். நெடுநாள் கேட்கப்படாத நாவுக்குச் சொல் வரச் சிறிது நேரமாகும்.